சாய்ஸ் லிஸ்டின் முதல் வரியில் எந்தக் கல்லூரி, ஏன்?

#1 வயலோரம்

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். சில வருடங்களாக ரிசல்ட் வந்த கையோடு எங்கள் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவு, சாய்ஸ் ஃபில்லிங் (எந்தக் கல்லூரி, எந்த பிராஞ்ச் என்று விருப்ப வரிசை போடுவது) இரண்டையும் பள்ளி கம்ப்யூட்டர் லேபிலேயே உட்கார்ந்து செய்து கொடுக்கிறோம். இந்த வருட வேலை தொடங்குவதற்குள் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன வருடம் ஒரு மாணவி. கட் ஆஃப் 200-க்கு 186. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ரேங்க் ரொம்ப முன்னால் இருந்தது. நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, கல்லூரி எண் ஒரு கட்டத்தில், பிராஞ்ச் ஒரு கட்டத்தில் என்று 34 வரி எழுதிக்கொண்டு வந்தாள். அழகான கையெழுத்து. மேலிருந்து கீழே பார்த்தேன். எண் 1, அதாவது கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், அந்த 34-ல் எங்கேயும் இல்லை. முதல் வரியில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்று.

"ஏம்மா இதை முதல்ல போட்டே?"

"அந்தக் காலேஜ் பஸ் எங்க தெருமுக்குலதான் சார் நிக்கும். சின்னப் புள்ளையிலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன்."

"கிண்டி ஏன் போடலை?"

"அது பெரிய இடம் சார்."

இரண்டு பதிலும் என்னை விட்டுப் போகவே இல்லை. அவள் கெட்டிக்காரி. முந்தைய வருடக் கட் ஆஃப் எல்லாம் அலசிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் முதல் வரியை எழுதியது அந்த பஸ்.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் படித்த கல்லூரியை முதல் சாய்ஸாகப் போட்டதற்கு உண்மையான காரணம் என்ன? ரேங்கிங், பிளேஸ்மென்ட் என்று பொதுவாகச் சொல்லாமல், அன்றைக்கு உங்கள் மனதில் என்ன இருந்ததோ அதை எழுதுங்கள். இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

#2 சிவப்புக்கட்டடம்

சார், நான் அருப்புக்கோட்டை. அப்பா தறி ஓட்டினவர். 2009-ல் கிண்டியில் சிவில் சேர்ந்தேன்.

அப்போது கவுன்சிலிங் ஆன்லைனில் கிடையாது. கிண்டி வளாகத்துக்கு நேரிலேயே போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் எனக்கும் கூட வருகிற ஒருவருக்கும் பாதி டிக்கெட். ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கினோம். எங்களுக்குக் கொடுத்த நேரம் மதியம். காலையிலிருந்து அதுவரை என்ன செய்வது? அப்பாவும் நானும் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

நான் மனதில் வைத்திருந்தது மதுரையில் எலக்ட்ரானிக்ஸ். தியாகராசர் கல்லூரி, வீட்டுக்கும் பக்கம். கிண்டி என் லிஸ்டில் மூன்றாவதோ நான்காவதோ. ஆனால் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் அப்பா ரொம்ப நேரம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியவர் அதை இறக்கி விட்டுக்கொண்டார். கோயிலுக்குள் நுழையும்போதுதான் அப்படிச் செய்வார். அங்கே ஒரு சீனியர் அண்ணன் வந்தார், எந்த ஊர் என்று கேட்டார். விருதுநகர்ப் பக்கம் என்றதும் "நான் சாத்தூர்ணே" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, சர்வே லேப், லைப்ரரி, ஹாஸ்டல் எல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஹாஸ்டல் வராந்தாவில் கொடி கட்டி லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு முற்றம் மாதிரியே இருந்தது. அங்கேதான் எனக்குப் பயம் விட்டுப் போனது.

ஹாலில் பெரிய திரையில் காலி இடங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் முறை வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் "எந்தக் காலேஜ் தம்பி" என்று கேட்டார்கள். கிண்டி சிவில் என்று வாயில் வந்துவிட்டது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் உங்கள் மாணவி சொன்ன பதில் எனக்கு நன்றாகப் புரிகிறது. அவள் பார்த்த காலேஜை எழுதியிருக்கிறாள். நானும் அதைத்தான் செய்தேன். 2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனது ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவோ செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தியது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எங்கள் காலத்தில் கடைக்கோடி ஊரிலிருந்து வந்த பிள்ளையும் அந்த மரங்களுக்கு அடியில் அரை நாள் உட்கார்ந்திருக்கும். இப்போது ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல் லிஸ்ட் போடுகிறார்கள்.

#3 பீளமேடு_பொண்ணு

நான் கிண்டியைப் போடவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தமும் கிடையாது. இந்தப் பக்கத்தையும் பிள்ளைகள் கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன் சார்.

கோவையில் அப்பா சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். பட்டறையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். கூலண்ட் ஆயில் வாசம் எனக்குச் சாம்பிராணி மாதிரி. நான் போட்டது பிஎஸ்ஜி டெக், சாண்ட்விச் கோர்ஸ். ஐந்து வருடப் படிப்பு. "ஒரு வருஷம் வீணாப் போகுதே கண்ணு" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கல்லூரிக்குள்ளேயே தொழிற்சாலை இருக்கிறது. 1926-ல் தொடங்கிய தொழிற்கூடம் முதலில், கல்லூரி வந்தது 1951-ல். படித்துக்கொண்டே அங்கே வேலையும் பழகலாம். அப்பா சின்ன வயதில் அங்கே காஸ்டிங் வாங்கப் போய் வந்தவர், எங்களுக்கு அது தெரிந்த இடம்.

அப்புறம் கட்டணம். இதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பிஎஸ்ஜி, சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), மதுரை தியாகராசர் மூன்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஒரே கல்லூரியில் சில கோர்ஸ் எய்டட், சில கோர்ஸ் சுயநிதி. பிராஞ்ச் பெயருக்குப் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் சுயநிதி, ஃபீஸ் கூடுதல். எய்டட் சீட் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. லிஸ்ட் போடும்போது அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பிறகு பணம் புரட்ட ஓடியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கிண்டியிலும் சில பிராஞ்ச் அப்படி உண்டு.

காலையில் அம்மா கையால் இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் வந்ததும் எனக்கு ஒரு காரணம்தான். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

#4 குரோம்பேட்டை_ஏரோ

எனக்குக் காரணம் ஒன்றே ஒன்று. பிராஞ்ச்.

நான் விழுப்புரம் மாவட்டம். 2013-ல் என் கட் ஆஃபுக்கு கிண்டி மெக்கானிக்கல் தாராளமாகக் கிடைத்திருக்கும். போட்டது சென்னை குரோம்பேட்டையில் இருக்கும் எம்ஐடியில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஏரோநாட்டிக்கல். மாமா வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். "மெக்கானிக்கல் படிச்சா எங்கே வேணும்னாலும் போகலாம், ஏரோ படிச்சா எங்கேடா போவே?" நியாயமான கேள்விதான். வேலை கிடைக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இடையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலும் இருந்தேன். இப்போது பெங்களூரில் லேண்டிங் கியர் டிசைன். மாமாவிடம் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எம்ஐடியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் சார். 1949-ல் சி. ராஜம் என்பவர் தன் வீட்டை விற்று அந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கிய கல்லூரி. விமானம், ஆட்டோமொபைல், எலக்ட்ரானிக்ஸ் என்று அந்தக் காலத்தில் இங்கே யாரும் சொல்லித்தராத பாடங்களுக்காகவே கட்டினார். அப்துல் கலாம் ராமேஸ்வரத்திலிருந்து வந்து ஏரோநாட்டிக்கல் படித்தது அங்கேதான். அவர் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது, அவருடைய அக்கா ஜொகரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஒரு பையன் எந்தக் காலேஜ் என்பதை முடிவு செய்ததில் அக்காவின் வளையலுக்கும் பங்கு இருந்திருக்கிறது. இன்றைக்கும் பல வீடுகளில் அப்படித்தான்.

1978-ல் கிண்டி காலேஜ், ஏசி டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்துத்தான் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. எண் 1, 2, 3, 4 அந்த நான்குக்கும்தான். நான்கில் எது கிடைத்தாலும் ஒரே பல்கலைக்கழகம். கம்பெனிகளை வரவழைக்கும் மையமும் எல்லோருக்கும் பொது. "கிண்டி கிடைக்கல, எம்ஐடிதான் கிடைச்சுது" என்று அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாக இருந்தது.

#5 சர்வர்_ரூம்

எல்லோரும் கட்டடம், வரலாறு என்று எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். கிண்டியில் பிரின்டிங் அல்லது மைனிங் கிடைத்திருக்கும். போடவில்லை. வீட்டில் கடன் இருந்தது. தங்கை பத்தாவது. நான்காவது வருடம் முடியும்போது கையில் வேலை இருந்தாக வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் என்ன வேலை என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மைனிங் என்றால் யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றில் நான்கு வருடத்தைப் போட எங்களுக்கு வசதி இல்லை.

வேலை கிடைத்தது. கடன் அடைந்தது. தங்கை இப்போது டீச்சர். பெயருக்காக காலேஜைப் பிடித்துக்கொண்டு பிடிக்காத பிராஞ்ச்சில் போய் உட்காராதீர்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

#6 சிவப்புக்கட்டடம்

சர்வர்_ரூம் தம்பி, கோபமே இல்லை. நீங்கள் சொன்னதில் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். குடும்பத்தில் கடன் இருக்கும்போது தெரிந்த பாதையில் போவதுதான் சரி.

மீதிப் பாதிக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பிடிக்காத பிராஞ்ச் வேறு, கேள்விப்படாத பிராஞ்ச் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கிண்டியில் ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று ஒரு பிராஞ்ச் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தள்ளிவிடுவார்கள். செயற்கைக்கோள் படம், ஜிபிஎஸ், டிஜிட்டல் மேப், கூடவே கொஞ்சம் புரோகிராமிங். போனில் வழி பார்க்கிறோமே, வெள்ளம் வந்தால் எந்த ஏரியா மூழ்கும் என்று கணக்குப் போடுகிறார்களே, அந்த வேலை.

அந்த வளாகத்தில் மூத்த பாடமும் அதுதான். 1794-ல் சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத்தான் கிண்டி காலேஜ் தொடங்கியது. சர்வேயர் தேவைப்பட்டார்கள், அதனால் பள்ளி. 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தியா முழுவதையும் அளக்கும் வேலையைப் பரங்கிமலைப் பக்கத்தில் முதல் அளவுக்கோடு போட்டு ஆரம்பித்தார். கிண்டியிலிருந்து கூப்பிடு தூரம்தான் அந்த மலை. கல்லூரி கிண்டிக்கு இடம் மாறியது 1920-ல். சங்கிலி இழுத்து அளந்த படிப்பு இன்றைக்கு சாட்டிலைட்டில் அளக்கிறது. சிவில் படித்த எங்களுக்கும் சர்வே கேம்ப் உண்டு, தியோடலைட் என்ற அளவைக் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெயிலில் திரிந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

இதையெல்லாம் பதினேழு வயதுப் பிள்ளைக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

#7 தருமபுரி_லாரி

வணக்கம் சார். நான் லாரி டிரைவர். பத்தாவது வரை படித்தேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும். இந்த இழையைப் பாப்பாதான் போனில் எடுத்துக் கொடுத்தது.

பாப்பா ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. கட் ஆஃப் 179. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. பாப்பா கிண்டி என்கிறது. எங்கள் ஊரில் ஒருவர், காலேஜுக்கு ஆள் சேர்த்து விடுகிறவர், வீட்டுக்கே வந்தார். "பொம்பளப் புள்ளைய எதுக்கு மெட்ராஸ் அனுப்புறீங்க, இங்கேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கித் தர்றேன், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுங்க" என்கிறார். கொடுக்கலாமா?

நான் மாதம் நாலு தடவை மெட்ராஸ் லோடு போகிறவன். மாதவரம், மணலி, ஹார்பர் தெரியும். அந்தக் காலேஜ் பக்கம் லாரி விடமாட்டார்கள், பார்த்ததில்லை. ஹாஸ்டல் எப்படி, ஃபீஸ் எவ்வளவு ஆகும், பாப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, சமாளிக்குமா? இதுதான் என் கேள்வி.

#8 வயலோரம்

ஐயா, முதலில் ஒன்று. ஒரிஜினல் சான்றிதழை அவரிடம் மட்டும் இல்லை, யாரிடமும் கொடுக்காதீர்கள். கவுன்சிலிங்குக்குத் தரகர் வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே அரசின் உதவி மையம் இருக்கும், இலவசம்.

பாப்பா 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும். 2021-லிருந்து இன்ஜினியரிங்குக்கும் இது உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் அரசே ஏற்கிறது. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பாப்பாவின் வங்கிக் கணக்குக்கே வரும். முதல் பட்டதாரி சான்றிதழையும் இ-சேவையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கையில் இருப்பது நல்லது.

இப்போது முதல் சாய்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றையும் 100, 50, 50 ஆக்கிக் கூட்டினால் 200-க்குக் கட் ஆஃப். அதை வைத்து ரேங்க். உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் லிஸ்டை எடுத்து மேலிருந்து படிக்கும். முதல் வரியில் இடம் இருக்கிறதா? பொதுப்பிரிவில், உங்கள் சாதிப்பிரிவில், எதில் இருந்தாலும் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. அவ்வளவுதான். கிண்டியை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால் இரண்டாவது வரிக்கு உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம், எண்ணிக்கைக்கு வரம்பும் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பள்ளிப் பையன் ஒருவன் எங்களிடம் வரவில்லை. பக்கத்து டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டுக்கொண்டான். அங்கே இருந்தவர் "கெடைக்காததையெல்லாம் மேல போட்டா கெடைக்கிறதும் போயிடும்" என்று சொல்லி, இவன் ஆசைப்பட்ட ஆறு கல்லூரியையும் எடுத்துவிட்டு லாக் செய்துவிட்டார். அலாட்மெண்ட் வந்த அன்று நான் உட்கார்ந்து பார்த்தேன். அவனுக்கு 200 ரேங்க் பின்னால் இருந்த பையனுக்கு, அதே பிரிவில், கிண்டி சிவில் கிடைத்திருந்தது. அவன் எதுவும் பேசவில்லை. லேப் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த வருடத்திலிருந்துதான் ரிசல்ட் அன்றே லேபைத் திறந்து வைக்கிறோம்.

ஆசைப்படுகிற வரிசையில் போடுங்கள். கிடைக்குமா என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

#9 விடுதி_அறை_27

தருமபுரி அப்பாவுக்கு வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம்ப்பா, நம்ம பக்கம்தான். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். இப்போது கிண்டியில் மூன்றாம் வருடம்.

இங்கிலீஷ் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். முதல் மாதம் ரொம்பக் கஷ்டம். வகுப்பில் பாதி புரியாது. பக்கத்தில் சென்னைப் பிள்ளைகள் தடதடவென்று பேசுவார்கள். நான் நோட்டில் காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு ரூமுக்கு வந்து அர்த்தம் தேடுவேன். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் அரியர். வீட்டுக்குச் சொல்லவில்லை, அழுதேன். இரண்டாவது செமஸ்டரில் அதையும் சேர்த்து எழுதி முடித்தேன். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் மட்டும் இங்கிலீஷே தேவைப்படவில்லை. கோலம் போட்ட கை, நேர்கோடு தானாக வந்தது. அந்த வகுப்பில் எல்லோரும் என் ஷீட்டைப் பார்க்க வருவார்கள். அங்கே பிடித்ததுதான் தைரியம்.

சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ்வழியிலும் இங்கே இருக்கிறது, 2010-லிருந்து. பாப்பாவுக்கு விருப்பம் இருந்தால் அதையும் லிஸ்டில் சேர்க்கலாம்.

ஹாஸ்டல் வளாகத்துக்குள்ளேயே. சாயங்காலம் நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சீனியர் அக்காக்கள் முதல் வாரமே தேடி வந்து பேசுவார்கள், பழைய புத்தகம், படம் வரைய டிராஃப்டர் எல்லாம் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போவோம், நடந்தே போகலாம். அங்கே ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம், காசு கிடையாது. எங்கள் ஊரில் நூலகம் என்றால் ஒரே அறை. அந்தப் பெரிய கட்டடத்துக்குள் முதல் தடவை போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கிண்டியை முதலில் போட்டதற்குக் காரணம் எங்கள் பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்த அக்கா. அவர் லீவில் வந்தபோது கல்லூரி ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுப் பார்க்கக் கொடுத்தார். அவ்வளவுதான் காரணம். அவர் வீடு எங்கள் வீட்டை விடச் சின்னது.

#10 காரைக்குடி_1987

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கிண்டி கிண்டி என்று நாம் இவ்வளவு பேசினால், கிடைக்காத பிள்ளை தன்னைத் தோற்றவன் என்று நினைத்துக்கொள்ளும். கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) 1945-ல் தொடங்கியது. காரைக்குடி 1952. சேலம், திருநெல்வேலி, பர்கூர் என்று அரசுப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் குறைவு.

நான் காரைக்குடியைத்தான் முதலில் கேட்டேன். அம்மா தனியாக இருந்தார், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும். தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அம்மாவைப் பார்த்துக்கொண்டே படித்து முடித்தேன். அழகப்பச் செட்டியார் அள்ளிக் கொடுத்த ஊர் அது. கிண்டியில் இருக்கும் ஏசி டெக்கும் 1944-ல் அவர் கொடுத்த பணத்தில் வந்ததுதான். கொடுத்தவர் ஒருவர், அதில் ஒன்று சென்னையில் இருக்கிறது, ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு எங்களைக் கூட்டிப் போய் பேட்டரி செய்வதைக் காட்டிய பேராசிரியரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. "அண்ணா யுனிவர்சிட்டி காலேஜ்" என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான தனியார் கல்லூரிகள் அதன் கீழ் இணைந்தவை, பட்டத்தில் அந்தப் பெயர்தான் வரும். நான்கு வளாகக் கல்லூரி வேறு, திருச்சி, விழுப்புரம், பண்ருட்டி மாதிரி ஊர்களில் இருக்கும் உறுப்புக் கல்லூரி வேறு, இணைவுக் கல்லூரி வேறு. தருமபுரித் தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்தவர் எந்தக் கல்லூரி என்று எழுதிக் கேளுங்கள்.

#11 வயலோரம்

காரைக்குடி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இரண்டாவது வரியிலிருந்து கீழே என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம்தான். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் போகப் போகிறார்கள்.

உங்கள் பதில்களைப் படித்த பிறகு ஒரு முடிவு எடுத்தோம். தலைமை ஆசிரியரிடம் பேசினேன், பழைய மாணவர்கள் சிலர் டிக்கெட் செலவு கொடுத்தார்கள். இந்த வருடம் கட் ஆஃப் 170-க்கு மேல் இருக்கும் பதினொரு பிள்ளைகளை மன்னை எக்ஸ்பிரஸ்ஸில் கூட்டிப் போய் வந்தோம். எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி. மதியம் அதே ரயிலில் குரோம்பேட்டை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு கல்லூரியும் இருப்பது வசதியாகப் போயிற்று. போன வருடத்து அந்தப் பெண்தான் கிண்டி வாசலில் நின்று அழைத்துப் போனாள். போன வருடம் கடைசியில் அவள் வீட்டில் அரை மணி நேரம் பேசி, எண் 1-ஐ மேலே ஏற்றியிருந்தோம், எலக்ட்ரிக்கல் கிடைத்தது.

வழியில் ஒரு பையன் கேட்டான், "சார், இங்க நம்ம மாதிரி ஆளுங்கதான் நிறைய இருக்காங்க, இல்ல?" பதிலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கண்ணெதிரே லுங்கியைக் கட்டிக்கொண்டு பக்கெட் தூக்கிப் போனவர்களைப் பார்த்துத்தான் கேட்டான்.

திரும்பி வந்து லிஸ்ட் போட்டதில் ஒன்பது பேர் முதல் வரியை மாற்றினார்கள். இரண்டு பேர் மாற்றவில்லை, திருச்சியும் தஞ்சாவூரும் போதும் என்றார்கள். அவர்களும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள், அதனால் எனக்கு நிம்மதி.

#12 தருமபுரி_லாரி

சார், அந்த ஆளிடம் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. எந்தக் காலேஜ் என்று எழுதிக் கேட்டேன், அப்புறம் போன் எடுக்கவில்லை.

போன வாரம் மாதவரம் லோடு. பாப்பாவையும் அவங்க அம்மாவையும் கேபினில் ஏற்றிக்கொண்டேன். லோடு இறக்கிவிட்டு லாரியை ஷெட்டில் போட்டுவிட்டு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அறை 27 பொண்ணு வந்து எல்லாம் காட்டியது. நல்லா இருக்கணும் அந்தப் புள்ளை. ஹாஸ்டல் வெளியில் இருந்து பார்த்தோம். வாட்ச்மேன் சேலத்துக்காரர், பேசினார். வீட்டுக்காரி வரும் வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. திண்டிவனம் தாண்டியதும் "போர்வை ரெண்டு எடுக்கணும்" என்றது.

நேற்று ராத்திரி லாக் செய்தோம். 41 வரி. முதல் வரி கிண்டி ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ், அதைப் பாப்பா அந்த அண்ணன் எழுதினதைப் படித்துவிட்டு அதுவாகவே போட்டது. இரண்டாவது கிண்டி சிவில் தமிழ்வழி. மூன்றாவது குரோம்பேட்டை. ஏழாவது வரி பர்கூர், அது நான் கேட்டுக்கொண்டது. ஓடிபி என் போனுக்கு வந்தது. நான் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன், பாப்பா அடித்தது.